கணினி பழசாகிவிட்டதா, பழுதாகிவிட்டதா? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் யார் வீட்டுக் கணினி மக்கர் பண்ணினாலும் அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. கொண்டு வருகிறவர்கள் இரண்டு ரகம். இரவு முழுக்க விளையாடும் பையன்கள் ஒரு பக்கம், கல்யாணம், காவடி, பிறந்தநாள் என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு ரகமும் கேட்பது ஒன்றுதான்: "பழசாயிடுச்சு அண்ணே, புதுசே வாங்கிடலாமா?"

வாங்கலாம், யார் வேண்டாமென்றார்கள். ஆனால் உள்ளே எந்த உதிரி திணறுகிறது என்று தெரியாமல் கடைக்குப் போனால், ஆயிரக்கணக்கில் ராண்ட் கொடுத்துக் கிராஃபிக்ஸ் கார்டை வாங்கி வந்து மாட்டிய பிறகும் அதே திணறல் அப்படியே இருக்கும். அதனால் உங்கள் மெஷின் காட்டுகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாத சோதனை முதலில், காசு பிடிக்கும் விஷயம் பின்னால். எல்லாவற்றுக்கும் முன்னால், மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். கேஸைத் திறக்கும்போது பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

## மின்சாரம் போய் வந்தது, அதன் பிறகு ஆன் ஆகவே இல்லை

நம் பக்கம் இதுதான் முதலிடம். 2023-இல் லோட் ஷெட்டிங் (பகுதி வாரியாக முறை வைத்து நிறுத்தும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் மூச்சு விட்டோம். ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று கரன்ட் போவது நின்றபாடில்லை. மெஷினைக் கெடுப்பது பெரும்பாலும் கரன்ட் போகும் நேரமில்லை, திரும்பி வரும் நொடி. தெருவிலுள்ள கீசர், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே மூச்சில் இழுக்க, வோல்டேஜ் எகிறி, தாழ்ந்து, மறுபடி எகிறும்.

வரிசையாகப் பாருங்கள்:

மல்டிபிளக்கை விட்டுவிட்டு நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். சர்ஜ் பாதுகாப்புள்ள மல்டிபிளக் ஒரு நல்ல அடியைத் தாங்கிக்கொண்டு தானே செத்துப்போயிருக்கலாம், அதற்காகத்தானே அது இருக்கிறது. "புரொடெக்டட்" விளக்கு அணைந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம், வேறெதுவும் கெடாமல் தப்பியிருக்கலாம்.

அடுத்து, பவர் சப்ளையின் பின்பக்கச் சிறு சுவிட்சையும் கெட்டில் கார்டையும் பாருங்கள். வேறொரு கார்டு போட்டுப் பாருங்கள், மானிட்டரில் இருப்பதும் பெரும்பாலும் அதே பிளக்தான்.

இன்னும் இல்லையா? பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். சில பவர் சப்ளைகள் எகிறிய வோல்டேஜைப் பார்த்ததும் தங்களையே பூட்டிக்கொள்ளும், முழுக்க வடிந்த பிறகுதான் திறக்கும். இது மட்டும் போதுமாக இருந்து, நன்றி சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர்.

### விசிறி ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது என்றால்

கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், யுஎஸ்பி சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ராம் (தற்காலிக நினைவக) குச்சியோடு போட்டுப் பாருங்கள். ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எதை மாட்டும்போது சாகிறதோ அதுதான் குற்றவாளி.

### ஒரு அசைவுமே இல்லை என்றால்

பெரும்பாலும் பவர் சப்ளை போய்விட்டது. நண்பரிடமிருந்து நல்லது ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. கேபிள்களையும் அதனுடையதையே போட வேண்டும். கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளைகளில் ஒரு கம்பெனி கேபிள் இன்னொன்றுக்குப் பொருந்துவது போலிருக்கும், ஆனால் பின் வரிசை வேறாக இருந்து டிஸ்க்கை எரித்துவிடும். டர்பனில் இன்னொரு காரணமும் உண்டு: பல்லி. சூட்டுக்காகப் பவர் சப்ளைக்குள் நுழைந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே வயிற்றைக் கொடுத்துத் தானும் கருகி மெஷினையும் நிறுத்திவிடும். பின்பக்கச் சல்லடை வழியாக டார்ச் அடித்தால் வால் தெரியும். தெரிந்தாலும் பவர் சப்ளையைத் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். புதிது வாங்குங்கள், 650 வாட் வெண்கலத் (80 பிளஸ் ப்ரான்ஸ்) தரம் பெரும்பாலான வீட்டு மெஷினுக்குப் போதும்.

### நல்ல பவர் சப்ளை போட்டும் அசையவில்லை என்றால்

மதர்போர்டு. இங்கே நிறுத்திவிட்டுத் தொழில்காரரிடம் கொடுங்கள். வீட்டுப் பொருள்களுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் அவரிடம் எழுத்தில் ஒரு அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள், மின்னலாலோ சர்ஜாலோ போனது என்று டெக்னீஷியன் எழுதித் தராமல் கோரிக்கை நகராது. ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியா பக்கத்துச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை: கோடைக்கால மாலை இடி அங்கே வேறு மாதிரி. மின்னல் நெட்வொர்க் கேபிள் வழியாகவும் வரும். இடி தொடங்கினால் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். "எல்லாம் ஓடுது, நெட் மட்டும் வரலை" என்று வரும் மெஷினில் லேன் போர்ட் மட்டும் கருகியிருக்கும். அதற்காகப் போர்டை மாற்ற வேண்டாம், ஒரு யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் போதும்.

செருகியதும் வீட்டு டிபி போர்டில் (மின் பகிர்வுப் பெட்டி) எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுகிறதா? வேறு அறையில் செருகிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் பவர் சப்ளை, அந்த ஒரு அறையில் மட்டும் விழுந்தால் எலக்ட்ரீஷியன். கேஸைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்றாலும் எர்த் வரவில்லை என்று அர்த்தம். மூன்று உருண்டை முள் உள்ள நம் பெரிய பிளக்குக்குப் பதில் இரண்டு முள் அடாப்டரில் சொருகி வைத்திருப்பார்கள், அதை முதலில் மாற்றுங்கள்.

## விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு

மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினால் திரை வராமலே போகலாம், வந்தாலும் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். மேசையைத் துடைத்து ஒழுங்குபடுத்திய மறுநாள் வரும் புகார்களில் பாதி இதுதான்.

அப்புறம் ராம். கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து அதன் தங்க நிற முனைகளில் மங்கலாகப் படியும், பிளஃப் பக்கம் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். குச்சியைக் கழற்றி, சாதாரண பென்சில் ரப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதே வைத்தியம். இரண்டு குச்சி இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

புதிய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: சிபியு (கணினியின் மூளை), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்). எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. சிபியு விளக்கு எரிந்தபடியே நின்றால் உங்கள் வேலை முடிந்தது, கடைக்குக் கொண்டு போங்கள்.

## ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பின்னால் போகிறது

மதர்போர்டிலுள்ள சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை தெரியாது, மின்வெட்டு வந்ததும் வெளிப்படும். பேட்டரி மருந்துக்கடையிலும் கிடைக்கும், கழற்றி மாட்ட ஒரு நிமிடம். ஆனால் மாற்றியதோடு விடாதீர்கள். பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் அழிந்திருக்கும், ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அணைந்து அது குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், பாதுகாப்புக்கான செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் அணைந்து வாலரன்ட் மாதிரி விளையாட்டுகள் விண்டோஸ் 11-இல் உள்ளேயே விடாது. பயாஸுக்குள் போய் மூன்றையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

## ஆன் ஆகவே ஐந்து நிமிடம், எதைத் தொட்டாலும் இழுக்கிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு சிபியு சும்மா இருந்தால் பதில் கிடைத்துவிட்டது: விண்டோஸ் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது. எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். போர்டில் எம்.2 துளை இருந்து அது என்விஎம்இ வகைக்கு உரியதாக இருந்தால் அதையே போடுங்கள், இல்லையென்றால் சாட்டா எஸ்எஸ்டி. சாட்டா நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3,500-க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். தினசரி வேலையில் உங்களுக்குத் தெரியும் வித்தியாசம் ஹார்ட் டிஸ்க்குக்கும் சாட்டாவுக்கும் நடுவேதான், அதற்கு மேல் கொடுக்கும் காசு எடிட்டர்களுக்கு மட்டும் பலன் தரும். பழைய மெஷினுக்குச் செய்யும் செலவுகளில் இதைப் போலக் கண்ணுக்குத் தெரிந்து பலன் தருவது வேறெதுவும் இல்லை. புதுசு வாங்க வந்தவர்கள் பலர் இதோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஏற்கனவே எஸ்எஸ்டிதான் என்றால், சி டிரைவில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். கிட்டத்தட்ட நிரம்பிய எஸ்எஸ்டி தடுமாறும், எடிட்டர்களின் கேஷ் கோப்புகள்தான் பெரும்பாலும் அங்கே குவிந்திருக்கும். அடுத்து டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். மஞ்சள் அல்லது சிவப்பு காட்டினால் அன்றே நகல் எடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் 'டிக், டிக்' என்று தட்டுகிறதா? உள்ளே வேறெங்கும் நகல் இல்லாத கல்யாண வீடியோ இருக்கிறதா? உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது, மீட்பு மென்பொருளை இரவெல்லாம் ஓட விடுவது எல்லாம் மீட்கக்கூடியதையும் மீட்க முடியாததாக்கும்.

## விளையாட்டில் ஃப்ரேம் குறைவு, திணறல்

இதில் மூன்று கிளை இருக்கிறது, எது உங்களுடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

### தொடக்கத்தில் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் சரிகிறது

சூடு. வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு விளையாடிப் பாருங்கள். சிபியு 95, 100 டிகிரியைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேஸைத் திறந்து பாருங்கள். சாமி அறைக்குப் பக்கத்தில் மெஷினை வைத்திருக்கும் வீடுகளில் தூசி சாதாரணத் தூசியாக இருக்காது. சாம்பிராணிப் புகையும் விளக்கில் ஊற்றும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறக் கம்பளித் துணி போல ஒட்டியிருக்கும், ஊதினால் போகாது. விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையாலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலாலும் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகும் சூடு குறையவில்லை என்றால் சிபியு பேஸ்ட்டை மாற்றுங்கள், நாலைந்து வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். மெஷினையும் சாமி அறையிலிருந்து தள்ளி வையுங்கள், அம்மாவிடம் யார் சொல்வது என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

### எப்போதுமே குறைவு

விளையாடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 97, 99 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் கார்டுதான் தடை. 60, 70-இலேயே சுற்றிக்கொண்டிருந்தால் தடை வேறெங்கோ, பெரும்பாலும் சிபியு. உறுதிப்படுத்த ரெசல்யூஷனை 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் கிடுகிடுவென்று ஏறினால் கார்டு. ஏறவே இல்லை என்றால் சிபியு அல்லது ராம், புதுக் கார்டு வாங்கிப் பிரயோஜனமில்லை.

ராம் ஒரே குச்சியாக இருக்கிறதா? 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு, சரியான துளைகளில், சாதாரணமாக சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அப்புறம் மானிட்டர். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி விண்டோஸில் 60-லேயே விட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் மாற்றினால் முடிந்தது, காலணா செலவில்லை.

### சராசரி நன்றாகத்தான் இருக்கிறது, நடுநடுவே வெட்டி வெட்டி நிற்கிறது

கார்டின் நினைவகம் நிரம்புகிறது, அல்லது விளையாட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கிப் பாருங்கள், விளையாட்டை எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் 8 ஜிபி கார்டைத் தவிர்த்து 12 அல்லது 16 ஜிபி பாருங்கள், எடிட்டிங்கும் செய்வதாக இருந்தால் கட்டாயம்.

### சரி, கார்டுதான் தடை என்று உறுதியாகிவிட்டது

கடைக்குப் போகும் முன் மூன்று விஷயம். முதலாவது பவர் சப்ளை. மதர்போர்டு துளை 75 வாட் தரும், ஆறு முள் கேபிள் இன்னொரு 75, எட்டு முள் 150. ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட்தான் இழுக்கிறது, ஆனாலும் ஒரு எட்டு முள் கேபிள் வேண்டும். இரண்டாவது, அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்னப் பெட்டிகள். ரீஃபர்பிஷ்ட் என்று மலிவாகக் கிடைக்கும், வாங்குங்கள், ஆனால் பலவற்றில் பவர் சப்ளை கம்பெனியின் சொந்த வடிவம், மாற்றக் கிடைக்காது. உள்ளே பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும், எட்டு முள் கேபிளும் இருக்காது. அதைக் கேமிங் மெஷினாக மாற்ற முயல்வது நாய் வாலை நிமிர்த்துகிற கதை. மூன்றாவது, போர்டின் வயது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே நான்கு பிசிஐஇ பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது, பிசிஐஇ மூன்றாம் தலைமுறைப் பழைய போர்டில் மாட்டினால் வேகம் நன்றாகவே அடிபடும்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டு வைத்திருக்கிறீர்களா? 2025 அக்டோபரோடு அதற்கான புதிய விளையாட்டு டிரைவர்களை என்விடியா நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை. பழைய விளையாட்டுகள் ஓடும். சில புதிய விளையாட்டுகள் ரே ட்ரேசிங் இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது.

## விளையாடும்போது படாரென்று அணைந்துவிடுகிறது

நீலத்திரை வராமல், யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல அணைந்தால் மின்சாரம் அல்லது சூடு. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, "ஒழுங்காக அணைக்காமல் அணைந்தது" என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

சூடு பார்த்தாகிவிட்டதா? அடுத்து யுபிஎஸ். மலிவு யுபிஎஸ்களும் இன்வெர்ட்டர்களும் பேட்டரிக்கு மாறும்போது சுத்தமான அலைக்குப் பதில் படிப்படியான அலையைத் தருகின்றன. நல்ல தரப் பவர் சப்ளைகளில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். கரன்ட் போகும் நொடியில் யுபிஎஸ் இருந்தும் மெஷின் அணைகிறதென்றால் இதுவாக இருக்கலாம், அல்லது பேட்டரி செத்திருக்கலாம். அடிக்கடி முழுக்க இறங்கி ஏறும் ஈயப் பேட்டரி சீக்கிரமே தளர்ந்துவிடும். யுபிஎஸ் பின்னால் எழுதியிருக்கும் விஏ எண்ணை வாட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வாட் பெரும்பாலும் குறைவு. வாங்குவதாக இருந்தால் 'ப்யூர் சைன் வேவ்' என்று எழுதியதை வாங்குங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பவர் சப்ளை தளர்ந்துவிட்டது. புதுக் கார்டு மாட்டிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால் வேறெங்கும் தேடவே வேண்டாம்.

நீலத்திரை வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்து காட்டினால் பெரும்பாலும் ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம். எக்ஸ்எம்பியை அணைத்துப் பிழை நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. விளையாட்டு தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வரலாம், கார்டில் இடம் தாராளமாக இருக்கும். குற்றம் கார்டு மேல் இல்லை, சிபியு அதிக வோல்டேஜால் தேய்ந்திருக்கலாம். 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது, பெட்டியில் விற்ற சிபியுக்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. பயாஸைப் புதுப்பியுங்கள். தேய்ந்தது திரும்பாது, பிழை நிற்காவிட்டால் உத்தரவாதத்தில் மாற்றிக் கேளுங்கள்.

## எடிட் செய்யும்போது டைம்லைன் தத்தித் தத்தி ஓடுகிறது

எடிட்டர்கள் வீணாகச் செலவு செய்யும் இடம் இது. "4கே எடிட் பண்ணணும், பெரிய கார்டு வேணும்" என்று வருவார்கள். காட்சியை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து, 'வீடியோ டிகோட்' என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். சிபியு நூறில் முட்டி நிற்க, அந்தக் கட்டம் பூஜ்யத்தில் தட்டையாகக் கிடந்தால், கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தக் கோப்பைப் பிரிக்கும் வேலையில் அது கை வைக்கவே இல்லை.

காரணம் கேமரா பதிவு செய்யும் வகை. இப்போது கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் மிரர்லெஸ் கேமராக்கள் பல எச்.265, 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்கின்றன. இந்த வகையை ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைக் கார்டுகள் வன்பொருளில் பிரிப்பதில்லை, 50 வரிசையில்தான் வந்தது. ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் சிபியுக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் அதைச் செய்யும். அதனால் எடிட்டர்கள் இன்டெல் வாங்கும்போது பெயர்க் கடைசியில் 'எஃப்' போட்ட மலிவு சிபியுவை வாங்காதீர்கள், அதில் அந்த உள் கிராஃபிக்ஸ் இருக்காது. மிச்சம் பிடித்த சில நூறு ராண்ட் ஒவ்வொரு நாளும் உங்களைப் படுத்தும். ஏற்கனவே இருந்தால் பயாஸில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால் சில போர்டுகள் தானாகவே அணைத்துவிடும். எடிட்டிங் மென்பொருளின் அமைப்பிலும் இன்டெல் டிகோடிங் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் வாங்காமலும் வழி இருக்கிறது, ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் இலகுவான நகல். டாவின்சி ரிசால்விலோ பிரீமியரிலோ கிளிப்புகளைத் தேர்ந்து வலது கிளிக் செய்து ப்ராக்ஸி உருவாக்கச் சொல்லுங்கள். வகை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, 1080 அளவு. இருபத்தைந்து ஃப்ரேமில் ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 16 ஜிபி பிடிக்கும். இரவு தூங்கும் முன் போட்டுவிட்டால் காலையில் பத்து வருடப் பழைய மெஷினிலும் வழுக்கிக்கொண்டு ஓடும், ஏற்றுமதி செய்யும்போது மென்பொருள் அசல் கோப்புக்கே திரும்பிக்கொள்ளும். லோட் ஷெட்டிங் நடக்கும் காலமென்றால் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், பாதியில் கரன்ட் போனால் அந்தக் கிளிப்பை மறுபடி தொடங்க வேண்டும்.

மற்ற காரணங்கள்:

காட்சிகள் யுஎஸ்பி வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேராக ஓடுகின்றனவா? மூன்று கேமரா மல்டிகேம் வைத்தால் அதன் முள் அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். வேலை நடக்கும் காட்சிகள் எஸ்எஸ்டியில், முடிந்தவை ஹார்ட் டிஸ்க்கில்.

ராம் 8 ஜிபி என்றால் எடிட்டிங் வேண்டாம் என்றே சொல்வேன். 16 குறைந்தபட்சம், ரிசால்வில் ஃப்யூஷன் எஃபெக்ட் போடுகிறவர்களுக்கு 32.

போனில் எடுத்த காட்சியில் போகப் போக மேளச் சத்தமும் கையும் பொருந்தாமல் விலகுகிறதா? அது மெஷின் கோளாறே இல்லை. போன் மாறும் ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். நாதஸ்வரம் வாசிப்பவர் கன்னம் உப்புவதற்கு முன்பே சத்தம் வந்தால் வாடிக்கையாளர் விடமாட்டார்.

## விண்டோஸ் 11-ஐ ஏற்க மாட்டேன் என்கிறது

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2026 அக்டோபர் 13 வரை.

"டிபிஎம் இல்லை" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பயாஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அணைந்து கிடக்கும், ஆன் செய்தால் போதும். சிபியுதான் தடை என்றால் கணக்கு எளிது: இன்டெல் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 வரிசை, இவற்றிலிருந்து மேலே என்றால் பெரும்பாலும் சரி. அதற்குக் கீழே என்றால் அடுத்த தலைப்பு.

## மேம்படுத்துவதா, மொத்தமாக மாற்றுவதா

சிபியு, போர்டு, ராம் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டிய நிலை வந்தால் அது புது மெஷின்தான், மேம்படுத்தல் என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றித் தப்ப முடியுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ரைசன் 1000, 2000, 3000 வைத்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏஎம்4 (இந்த சிபியுக்கள் உட்காரும் சாக்கெட்) போர்டு, 2017-இல் வாங்கிய பி350 ஆக இருந்தாலும், பயாஸ் புதுப்பித்தால் பெரும்பாலும் ரைசன் 5600, 5700எக்ஸ் ஏற்கும். போர்டு கம்பெனியின் பட்டியலில் உங்கள் மாடலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ராமும் போர்டும் அப்படியே இருக்கும், வேகம் நன்றாகவே ஏறிவிடும். பயாஸ் புதுப்பிப்பைப் பழைய சிபியு மாட்டியிருக்கும்போதே செய்ய வேண்டும். லோட் ஷெட்டிங் அட்டவணையில் உங்கள் பகுதிக்கு நேரம் நெருங்கினால், காற்று மழையில் விளக்கு மினுங்கினால், அன்றைக்குத் தொடவே தொடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் போர்டு செங்கல்லாகிவிடும், அதைத் திரும்ப எழுதத் தனிக் கருவி உள்ள கடை வேண்டும்.

இன்டெல் 6, 7-ஆம் தலைமுறை என்றால் அந்தப் போர்டில் அதற்கு மேற்பட்ட தலைமுறைக்குப் போக வழியில்லை. எஸ்எஸ்டி போட்டுத் தங்கச்சியின் பள்ளிப் பாடத்துக்கு விட்டுவிட்டு, உங்களுக்குத் தனியாகச் சேமியுங்கள். 8, 9 என்றால் பழைய ஐ7, ஐ9-ஐ இரண்டாம் கையில் தேடலாம், விலை இன்னும் இறங்காமல் நிற்கும், எனக்கு அந்தச் செலவில் மனமில்லை.

புது மெஷினுக்குப் போகும்போது கேஸ், பவர் சப்ளை நல்லதாக இருந்தால் அது, எஸ்எஸ்டி, மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் கூடவே வரும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிவிட்டதால், டிடிஆர்5 கேட்கும் ஏஎம்5-க்குத் தாவும் முன் ராம் விலையைத்தான் முதலில் பாருங்கள்.

கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, சரி செய்வதா, மாற்றித் தருவதா, பணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். "நாங்கள் ரிப்பேர் மட்டும்தான் செய்வோம்" என்று கவுண்டரில் எழுதி ஒட்டியிருந்தாலும் சட்டம் சட்டம்தான். தனியாரிடம் இரண்டாம் கையில் வாங்கும்போது இது கிடையாது. அதனால் கிராஃபிக்ஸ் கார்டு என்றால் விற்பவர் மெஷினிலேயே கால் மணி நேரம் ஓட விட்டு, சூட்டையும் திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்பதையும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். "வீட்டில் கரன்ட் இல்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது" என்று சொல்பவரிடம், கரன்ட் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய மெஷினை விற்கிறீர்கள் என்றால் உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கோடுதான் வேண்டும் என்று கேட்டால், விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டிரைவைச் சுத்தம் செய்யும் 'கிளீன் டேட்டா' என்பதையும் தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளர்களின் கல்யாண வீடியோ யாரோ ஒருவர் கைக்குப் போகக் கூடாது.